எத்தனை நாள் இருப்பீங்க, அத்தை?

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஆட்டோக்காரனிடம் மல்லுக்கட்டி, லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு ஏறி, என் மகள் வீட்டு வாசலில் போய் நின்றால் கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து சிந்துவின் குரல் மட்டும் வந்தது.

“செத்த இரும்மா. அவரு வந்துருவாரு. சாவி அவருகிட்டதான் இருக்கு.”

நானும் என் வீட்டுக்காரர் கிருஷ்ணமூர்த்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூட்டு நல்ல கனம். எங்கள் ஊரில் கொல்லையில் கிடக்கிற மோட்டாருக்குத்தான் அப்படிப் பூட்டுப் போடுவோம். முந்திரிப் பருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். உள்ளே இருக்கிறவளிடம் “நல்லாருக்கியாடி” என்று கதவு வழியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து லிஃப்ட் திறந்தது. மாப்பிள்ளை கலைச்செல்வன் இஸ்திரி கலையாத சட்டையோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“சென்னை அத்தை இது. ஒரு பாதுகாப்புக்குத்தான்” என்று பூட்டைத் திறந்தார். நாங்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டார். “எத்தனை நாள் இருப்பீங்க, அத்தை?”

எங்கள் பக்கம் ஆகாதவன் வாசலுக்கு வந்தாலும் முதலில் வாங்க என்போம். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர். எப்போது கிளம்புகிறாய் என்று கேட்பதற்கு ஒரு ராத்திரியாவது போக வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வெற்றிச்செல்வி வாய்க்கு வேலி கிடையாது என்பார்கள்.

“உள்ள வந்துட்டுச் சொல்லலாங்களா மாப்பிள்ளை, இல்ல படியிலயே சொல்லிறணுங்களா?” என்றேன்.

அதற்கும் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். கல்யாணத்தின்போது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்த முகம், சிரித்த முகம் என்று அதைத்தான் புகழ்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர்தான் ஒழுங்காகப் பதில் சொன்னார். “இன்னைக்கி சனிக்கெழம. ராத்திரி இங்க தங்கிட்டு, விடிஞ்சா திருப்பதி. திங்கக்கெழம இப்படியே திரும்பி ஊருக்குப் போயிருவோம் மாப்பிள்ளை. செவ்வாக்கெழம சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுறாங்க.”

“ஆமா மாமா. அதுக்கு முன்னாடி போயிரணும்” என்றார் மாப்பிள்ளை. அவர் எங்கள் பக்கத்து, கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர். அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காப்புக் கட்டு என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியமில்லை. பூசாரி அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்கள் தேர் முடிகிற வரைக்கும் ஊரை விட்டு வெளியே ராத்தங்கக் கூடாது. வேலைக்கோ சந்தைக்கோ போகலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். விருந்தாளியாக வந்தவனுக்கும் அதே சட்டம்தான். மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பதில் எங்கள் ஊரில் கட்சி வேறுபாடு கிடையாது. என் நாத்தனார் புவனேஸ்வரி ஒரு வருஷம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கூட்டிப் போக வந்த மனுஷன் டீக்கடையில் நியாயம் பேசிக்கொண்டே இருந்ததில் மேளச்சத்தம் கேட்டுவிட்டது. காப்புக் கட்டியாகிவிட்டது. தேர் வரைக்கும் மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்று தொப்பை போட்டுத்தான் போனார். இன்றைக்கும் எங்கள் ஊரில் அவருக்குப் பெயர் காப்பு மாப்பிள்ளை. சிந்து சின்னவளாக இருந்தபோது அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிந்து இப்போது கதவோரம் நின்று “வாங்கப்பா, வாம்மா” என்றாள். சொல்லிவிட்டு ஃபிரிட்ஜின் தலையை ஒரு தடவை பார்த்தாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. அவ்வளவு இளைத்திருந்தாள்.

பெருமாளுக்கு வேண்டுதல் இருந்தது பொய்யில்லை. ஆனால் பெருமாளைச் சாக்கு வைத்துக்கொண்டு பெண்ணைப் பார்க்கத்தான் வந்தேன். தை மாசத்திலிருந்து அவள் போன் ரிப்பேராம். மாப்பிள்ளைக்குப் போட்டால், குளிக்கிறா அத்தை, தூங்குறா அத்தை. உச்சி வெயிலில் என்ன தூக்கம்?

மாப்பிள்ளை ஒரு காபி குடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். போகும்போது கதவை வெளியே பூட்டினார். சாவி திரும்புகிற சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் எழுந்தேவிட்டார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

“ஏன்டி, நம்மளையும் சேத்துப் பூட்டிட்டுப் போறாரு?” என்றேன்.

சிந்து கண்ணை மட்டும் ஃபிரிட்ஜ் பக்கம் திருப்பினாள். அதன் மேல் எலுமிச்சம்பழம் அளவில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நடுவில் கறுப்புக் கண். நான் ஏதோ அலங்காரச் சாமான் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

“அத்தை, வேர்க்குது பாருங்க. ஃபேனைக் கூட்டி வெச்சிக்கங்க” என்றது அது, மாப்பிள்ளை குரலில்.

முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். ஆபீசில் உட்கார்ந்துகொண்டு வீட்டைப் பார்க்கிறாராம். சமையல்கட்டில் கண் இல்லை, காது மட்டும் எட்டும் என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கப்புறம் அந்த ஹாலில் சோறு இறங்கவில்லை. கிருஷ்ணமூர்த்தி அப்பளத்தைக்கூடச் சத்தம் வராமல் கடித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சிந்து என்னைச் சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். ஒன்றும் போடாத ஜாரை மிக்ஸியில் மாட்டி ஓடவிட்டாள். அந்த இரைச்சலுக்குள் என் காதோடு வாயை வைத்துப் பேசினாள்.

“வெளிய வுடமாட்டேங்கறாரும்மா. பால்கனியில எவ்ளோ நேரம் நின்ன, யாரைப் பாத்தன்னு கேக்கறாரு. போன மாசம் பக்கத்து வூட்டு அக்காகிட்ட பேசிட்டேன்னு கரண்டை நிறுத்திட்டு, பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. மூணு நாளு. இருட்டுல தண்ணியக் குடிச்சிக்கிட்டு கெடந்தேன். நான் இந்த வூட்டுலயே செத்துருவேம்மா.”

“இப்பவே வாடி. பூட்டை ஒடைச்சிக்கிட்டுப் போவோம்.”

“நாளைக்கே வந்து நிப்பாரு. சிரிச்சிக்கிட்டே நிப்பாரு. நம்ம ஆளுங்களே அனுப்பி வெச்சிருவாங்க.” மூச்சு வாங்கினாள். “காப்பு என்னைக்கிம்மா, செவ்வாயா? திங்கக்கெழம போவாதீங்க. செவ்வா காலைல—”

“மிக்ஸில என்ன அரைக்கிறீங்க, ரொம்ப நேரமா?” என்று ஹாலிலிருந்து மாப்பிள்ளை குரல் கேட்டது.

சிந்து டப்பாவைத் திறந்து ஒரு பிடி பொட்டுக்கடலையை ஜாருக்குள் போட்டாள். பாதி கீழே சிதறியது. “சட்னிங்க” என்று சத்தமாகச் சொன்னாள். அதற்குமேல் பேசவில்லை. சாயங்காலம் அவர் வந்து அந்தச் சட்னியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை என்று அவள் ஏன் சொன்னாள் என்று யோசித்து யோசித்து என் மண்டை காய்ந்துபோயிற்று. நல்லவேளை, ராத்திரிக்குள் உறைத்தது. காப்பு மாப்பிள்ளை கதையை அவளுக்குச் சொன்னவளே நான்தானே. காப்புக் கட்டுகிற நேரத்தில் சிந்து ஊருக்குள் இருந்துவிட்டால், கலைச்செல்வன் வந்து நின்றாலும், அவர் அம்மா கலியம்மாளே வந்து நின்றாலும், தேர் வரைக்கும் அவளை எவனும் அனுப்ப முடியாது. அனுப்பு என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருத்தனுக்கும் வாய் வராது. ஆனால் திங்கட்கிழமையே போனால் அவருக்கு ஒரு முழுப்பகல் கிடைத்துவிடும். வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார். செவ்வாய் காலை ரயிலைப் பிடித்தால் காப்புக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேரலாம். ஒரு நாள் முந்தினாலும் ஆபத்து, பிந்தினாலும் ஆபத்து.

ஆனால் அதுவரைக்கும் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை குளிக்கப் போனதும் கம்பி போட்ட பால்கனிக்கு என் வீட்டுக்காரரை இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாதுவான மனுஷன். சண்டை என்றால் நாலு தெரு தள்ளிப் போகிறவர். நாளைக்குப் பெரிய மனிதர்கள் வந்து பேசினால் இவரே தலையாட்டிவிடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திருப்பதி?” என்றார்.

“அவரு வட்டியோட வாங்கிக்குவாரு. குடுத்துக்கலாம். புள்ளைய எங்க போய் வாங்குறது?”

மாப்பிள்ளை துண்டோடு வந்தபோது நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். முட்டி பிடித்துக்கொண்டது, மலையேற முடியாது, செவ்வாய் காலைதான் கிளம்புவோம் என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கண் மட்டும் என் முட்டியைப் பார்த்தது.

“திங்கக்கெழமன்னுதானே சொன்னீங்க?”

“முட்டி சொல்றதத்தானே கேக்கணும் மாப்பிள்ளை.”

“இருங்க இருங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்க. நீங்க சரியாத்தான் கணக்கு வெச்சிருக்கீங்க” என்றார். கணக்கு என்ற சொல்லை அவர் அழுத்தினாரா, என் பயத்துக்கு அப்படிப் பட்டதா, தெரியவில்லை.

அந்த ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்று சொல்ல என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தார். என் முட்டிக்குத் தைலம் வாங்கிவந்து கொடுத்தார். சிந்து எழுந்து நடந்தால் அவர் தலை திரும்பும். இரண்டு தடவை, பேச்சோடு பேச்சாக, எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டார். திங்கட்கிழமை அந்த வெள்ளைக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பேசாமல் இருந்து என் வீட்டுக்காரர் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பார்த்தார்.

செவ்வாய் காலையில் பைகளை எடுத்து வைத்தோம். சிந்து சமையல்கட்டு நிலையில் நின்றாள். அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எங்களைக் காரில் கொண்டுபோய் விடத்தான் மாப்பிள்ளை சாவியை எடுத்தார். நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பொய்யெல்லாம் மறந்துபோயிற்று. அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் எதையும் கேட்காத மனுஷன்.

“புள்ள ரயிலடி வரைக்கும் வரட்டுமே மாப்பிள்ளை. சாமி காரியமாப் போறோம். பெத்த பொண்ணு வழியனுப்பினா நல்லாருக்கும்.”

மாப்பிள்ளை எங்கள் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “அதுக்கென்ன மாமா. நான்தான் கூடவே இருக்கேனே” என்றார்.

தாம்பரம் ஸ்டேஷனில் கூட்டம் நெரித்தது. அவர் சிந்துவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே நின்றார். ரயில் வந்தது. என் வீட்டுக்காரர் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக, “மாப்பிள்ளை, நாக்கு வறண்டுபோச்சு, ஒரு தண்ணி பாட்டில்” என்றார். கடை பத்தடியில் இருந்தது. மாமனார் தண்ணீர் கேட்டு இல்லை என்று சொல்ல நாலு பேர் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை. கையை விட்டுவிட்டுப் போனார்.

“இந்தப் பையத் தூக்கி வைடி” என்றேன். சிந்து பையோடு ஏறினாள். இறங்கவில்லை.

ரயில் அசைந்தது. மாப்பிள்ளை தண்ணி பாட்டிலோடு ஜன்னலுக்கு இணையாக நடந்து வந்தார். ஓடவில்லை, கத்தவில்லை. “சிந்து, செங்கல்பட்டுல எறங்கி நில்லு. நான் வந்து கூட்டிக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இனிமேல் அவர் என்று சொல்ல என் நாக்குக்கு வரவில்லை. சிந்து எழுந்து நின்றுவிட்டாள். அவன் சொன்னால் கேட்டே பழகிவிட்ட உடம்பு. நான் இரண்டு கையாலும் அவளை இழுத்து உட்கார வைத்தேன்.

செங்கல்பட்டில் ரயில் நின்றபோது நாங்கள் மூச்சு விடவில்லை. விழுப்புரத்தில் ஜன்னலை இறக்கிவிட்டோம். விருத்தாசலத்தில் சிரித்தபடி ஒருவன் எங்கள் பெட்டியில் ஏறினான். வேர்க்கடலை விற்கிறவன். சிந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவனிடம் கார் இருந்தது. பெரம்பலூர் வழியாக நெடுஞ்சாலையில் வந்தால் எங்களுக்கு முன்பே ஊரில் நிற்க முடியும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை.

அரியலூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. வரிசையாக நின்றன. தூசியில் முன்னாலிருக்கிற மாடு தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த லாரிகளைத் திட்டாமல், அவனையும் இப்படியே நிறுத்து தாயே என்று கும்பிட்டேன்.

ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதன் கீழே ஆட்டோ நுழைந்தபோது மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியூர் சொந்தக்காரர்கள் கிளம்புவதாக இருந்தால் இப்போதே கிளம்பிவிடுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் காப்பு. வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போய்ப் பெண்கள் கூட்டத்தில் சிந்துவை நடுவில் நிறுத்திக்கொண்டேன்.

மேளம் ஏறியது. பூசாரி மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்துச் சுற்றிக் காட்டினார். அப்போதுதான் தோரணத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கார் வந்து நின்றது.

அவன் இறங்கினான். தோரணத்துக்கு அடியில் வரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று எங்கள் பக்கம் பார்த்தான். அம்மா கலியம்மாள் வளர்த்த விவரமான பிள்ளை. உள்ளே வந்து மாட்டிக்கொள்ள மாட்டான் என்று நினைத்தேன். கட்டுங்க சாமி, சீக்கிரம் கட்டுங்க என்று எனக்குள்ளேயே முனகினேன். பூசாரி கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்.

அவன் செருப்பைக் கழற்றினான். தோரணத்துக்குக் கீழே குனிந்து ஊருக்குள் நடந்து வந்தான். ஆண்கள் பக்கம் போய் நின்று அம்மனைப் பார்த்துக் கைகூப்பினான். கற்பூரம் எரிந்தது. பூசாரி முடிச்சைப் போட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். எனக்குக் குலவை வரவில்லை.

மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்து நின்றான். அதே சிரிப்பு. என் காதருகே குனிந்து சொன்னான்.

“நானும் மாட்டிக்கிட்டேன் அத்தை. இனிமே உங்க வூட்டுலதான். தேர் வரைக்கும் எத்தனை நாள் இருக்கு?”

தேர் வரைக்கும் அவன் அடைந்து கிடக்கப் போவது எங்கள் கூரைக்குக் கீழே. தேர் முடிந்த மறுநாள், இத்தனை நாள் மருமகன் நல்லபடியாக இருந்தானே, கூட அனுப்பு என்று ஊரே சொல்லும். அவ்வளவு தூரம் கொண்டுவந்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டேனா என்று சிந்துவை இழுத்து என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வந்து சிந்துவுக்கு மறுபக்கம் நின்றுகொண்டார்.

சிந்துவின் உதடு அசைந்தது. அவள் ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது. மேளச்சத்தத்தில் சொன்னால் எனக்கு மட்டும்தான் கேட்கும், மிக்ஸி இரைச்சலுக்குள் சொன்ன மாதிரி. அவள் வாயை மூடிக்கொண்டு மேளக்காரர்களைப் பார்த்தபடி நின்றாள். அடி குறைந்தது. கடைசி அடியும் விழுந்தது. கோயில் வாசல் முழுக்க அமைதியானபோது பேசினாள்.

“தேர் முடிஞ்சதும் நீங்க போங்க. நான் வரல. என்னைப் பூட்டி வெச்ச வூட்டுக்கு இனிமே நான் வரமாட்டேன்.”

பூசாரி திரும்பினார். ஊரே திரும்பியது. கலைச்செல்வனின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது, அப்புறம் இல்லை. அவன் தோரணத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற தன் காரைப் பார்த்தான். காப்புக் கட்டியாகிவிட்டது. அவனும் போக முடியாது.

எனக்குப் பயம் தெளியவில்லை. அவனுக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வாங்க என்று நீட்டியபோதும் அது அப்படியேதான் இருந்தது. ஆனால் தெருவில் எங்கள் பின்னாலேயே பாதி ஊர் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. பூட்டி வெச்சானா, எத்தனை நாள் வெச்சான் என்று யாரோ சிந்துவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.